செவி கொடுப்பது தர்மமா, கடனா?



சேசுநாதர் சுவாமி தீர், சீதோன் நாடுகளை விட்டுத் திரும்பிக் கலிலேயக் கடலோரம் வந்தபோது, செவிடும் திக்குவாயுமான ஒருவனை அவரிடம் சிலர் கொண்டுவந்தார்கள் என்று அர்ச். மாற்கு தம் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். இந்த வரலாற்றைப் பிரசங்கிக்கும் குருமார் பெரும்பாலும் "எப்பேத்தா" என்ற சொல்லைப் பற்றியே பேசுவோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் பேசிவந்தேன். அந்தச் "சிலர்" யார் என்று இந்த ஆண்டுதான் யோசித்தேன்.

எரிக்கோவின் குருடன் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டு, என்ன விசேஷமென்று விசாரித்து, ஆண்டவரைக் கூவி அழைத்தான். குஷ்டரோகி தானே ஓடி வந்து காலில் விழுந்தான். செவிடனுக்கோ ஆண்டவர் ஊருக்கு வந்திருக்கிற செய்தியே எட்டாது. ஆகவே அவனைப் பிறர் கொண்டுவரத்தான் வேண்டும். கொண்டுவந்தவர்களுடைய பெயரைச் சுவிசேஷகர் எழுதவில்லை. உறவினரோ, அண்டை வீட்டாரோ, தெரியாது. அவர்கள் அன்று தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் அந்த அதிகாரத்தில் இந்தப் புதுமை இடம் பெற்றிருக்காது.

இதை யோசிக்க வைத்தது நமது அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையின் சென்ற மாதக் கூட்டம். நமது பங்கைச் சேர்ந்த ஒருவருக்குக் காது மிஷின் வாங்கப் பண உதவி வேண்டுமென்று ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அவருக்கு வயது 48. 18 ஆண்டுகளாக இந்தப் பக்கத்துப் பிரஸ் ஷாப்புகளில், தகட்டை அடித்து உருவாக்கும் இயந்திரங்களின் முன் நின்றவர். இப்போது வேலை இல்லை. பெயர் வேண்டாம். இதை எழுதலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டேன், இரண்டு முறை உரக்க. இரு காதுக்கும் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்றது சீட்டு. சபையின் கையிருப்பு ஏறக்குறைய 40,000 ரூபாய். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அடுத்து வருகிறது.

நமது சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, மிகவும் மரியாதையாக, ஓர் ஆட்சேபம் சொன்னார். "சாமி, இந்தப் பணத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு நோட்டு, புஸ்தகம், பீஸ் எல்லாம் கட்டலாம். பிள்ளைகளுக்கு முன்னால் வாழ்க்கை கிடக்கிறது. இவர் ஐம்பதை நெருங்கியவர். கேட்டால் நல்லதுதான், கேட்காவிட்டால் உயிர் போகாது." அவர் கல்நெஞ்சர் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்காகத் தம் பென்ஷனிலிருந்து மாதந்தோறும் கொடுப்பவர். ஆதலால் அவர் கேள்வியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. முடிவைத் தள்ளிவைத்தேன். கூட்டத்தில் சரியாகச் சொல்லத் தெரியாமற்போன பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படித்தபோது அயலானின் தேவையை மூன்று படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள். உயிருக்கே மோசம் வரும் நிலை அத்தியந்த தேவை. அப்போது நமக்கு வேண்டியதிலிருந்தும் எடுத்துக் கொடுக்கக் கடமையுண்டு. உயிர் போகாது, ஆயினும் மனிதன் மனிதனாக வாழ இயலாதபடி துன்பப்படுவது கனமான தேவை. எல்லா ஏழைகளுக்கும் எப்போதும் இருப்பது சாதாரண தேவை. அதற்கு நம்மிடம் மிஞ்சியதிலிருந்து கொடுத்தால் போதும், அதுவும் இன்னாருக்கே என்ற கட்டாயமில்லை. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தர்மத்தைப் பற்றி எழுதியதைப் பின்வந்த சாஸ்திரிகள் இவ்வாறு விரித்தார்கள். செவிட்டுத்தனம் எந்தப் படி என்று பரீட்சையில் கேட்டிருந்தால், மூன்றாம் படி என்று தயங்காமல் எழுதியிருப்பேன்.

அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். தவறு எங்கே பிறக்கிறதென்றால், செவிடருடைய துன்பம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நொண்டியைப் பார்த்ததும் இரக்கம் வருகிறது. செவிடரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. "டமாரம்" என்று பெயர் வைக்கிறோம். நாம் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் அவர் பதில் சொன்னால் அதை நான்கு பேரிடம் சொல்லி மகிழ்கிறோம். செவிடனைத் தூஷிக்கலாகாதென்று சர்வேசுரன் மோயீசன் வழியாய்க் கட்டளையிட்டது லேவியராகமத்தில் இருக்கிறது. அது ஏன் தனியே சொல்லப்பட்டது? தூஷணம் அவன் காதில் விழாது, அவன் மனம் நோகாது, சண்டைக்கும் வரமாட்டான். ஆயினும் பாவம் பாவமே. பாதிக்கப்பட்டவனுக்குத் தெரியாவிட்டாலும் அநியாயம் அநியாயந்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேதத்தில் எனக்குத் தென்படவில்லை.

இனி, நம் மனிதருடைய காதில் நடந்தது என்ன? உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. பேரொலி நாள்தோறும் மோதினால் அவை சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. வலி கிடையாது, இரத்தம் கிடையாது. முதலில் சாவது கூர்மையான ஒலிகளை வாங்கும் பகுதி. எனவே, பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. உயிரெழுத்துக்கள் வந்து சேரும், மெய்யெழுத்துக்கள் வழியில் உதிர்ந்துபோகும். "காசு" என்றாலும் "காது" என்றாலும் அவருக்கு ஒன்றே. "கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னது மட்டும் கேட்கவில்லையாம், நடிக்கிறார்" என்று வீட்டார் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். அவர் நடிக்கவில்லை. 2020-லும் 2021-லும் எல்லோரும் முகக்கவசம் கட்டியபோதுதான், இத்தனை காலம் தாம் பிறர் உதட்டைப் பார்த்தே சமாளித்து வந்ததை அவர் கண்டுகொண்டாராம்.

இந்தச் சிறு குறை ஒரு மனிதனை எதிலிருந்தெல்லாம் வெளியே தள்ளுகிறது பாருங்கள். சூப்பர்வைசர் சொன்னதைத் தவறாக வாங்கி இரண்டு முறை தகட்டைக் கெடுத்தார், வேலை போயிற்று. வாட்ச்மேன் வேலைக்குப் போனார், போனில் பேச முடியவில்லை, அதுவும் போயிற்று. நமது கூட்டுரோட்டில் பெங்களூர் சாலையைக் கடக்கையில் லாரியின் ஹாரன் கேளாமல் ஒருநாள் மயிரிழையில் தப்பினார். பிரசங்கம் விளங்குவதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். இதில் என் குற்றமும் உண்டு. காது மந்தமானவரைப் பூசை உடுப்பறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி, நிதானமாகக் கேட்க வேண்டுமென்பது குருமடத்தில் நான் கற்ற பாடம். ஞாயிறு காலை வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது அந்தப் பாடம் மறந்துபோகிறது. தொட்டிக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கேட்குமளவு குரு குரலை உயர்த்தினால் எந்த மானஸ்தன் மறுபடி வருவான்? ஆண்டவர் அந்தச் செவிடனைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தனியே அழைத்துப்போய்த்தான் குணமாக்கினார். சுவிசேஷகர் அதைக் குறிப்பாய் எழுதியிருக்கிறார்.

அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அப்பாகிட்ட இப்பல்லாம் நான் எதுவும் சொல்றதில்ல சாமி. சொன்னா கத்திச் சொல்லணும், தெருவுக்கே கேக்கும்" என்றாள். ஒரு வீட்டில் தகப்பனுக்குத் தெரியாமல் எல்லாம் நடக்கிறது, யாரும் எதையும் மறைக்காமலே. உயிர் போகவில்லைதான். ஆனால் இதைச் சாதாரண தேவை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். நாற்பது வயதில் கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். "இனி எதைப் பார்க்கப் போகிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. சபையே பல முறை கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறது, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. கண்ணாடி சில நூறு ரூபாய், காது மிஷின் ஆயிரக்கணக்கில். ஆகவே ஆட்சேபத்தின் வேர் வயதில் இல்லை, விலையில் இருக்கிறது. விலை அதிகம் என்பது ஒரு நியாயந்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை "ஐம்பது வயதுக்காரருக்கு எதற்கு?" என்று மாற்றிச் சொல்லும்போது, ஒரு மனிதருடைய மிச்ச வாழ்வுக்கு நாம் விலை போட்டுவிடுகிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 43 கோடிப் பேருக்குக் காதுக்குச் சிகிச்சையோ கருவியோ வேண்டும். கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதை உபயோகிப்பவர் நூற்றுக்கு 17 பேர். உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்தே பெரிய கம்பெனிகளின் கையில் இருக்கிறது. விலை இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை தர்மத்தைப் பற்றியே பேசினேன். இனி கடன். ஒழுக்க சாஸ்திரத்தில் ஈடு செய்தல் என்று ஒரு கடமை உண்டு. பிறனுடைய பொருளையோ அங்கத்தையோ சேதப்படுத்தியவன், மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, சேதத்தைச் சரிக்கட்டவும் வேண்டும். இவர் செவிடாய்ப் பிறந்தவரல்லர். நம் தேசத்துத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் ஒலியை எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்குமேல் 5 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாக வேண்டும். 85-க்கு மேலேயே ஆபத்து என்பது பல நிபுணர்களின் கருத்து. பேரொலியால் வரும் செவிட்டுத்தனம் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கப்படவேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. 1923-ம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அதற்கு இடம் கிடைத்தது. அவற்றின் இடத்தில் இப்போது வந்திருக்கும் 2020-ம் ஆண்டுத் தொகுப்புச் சட்டங்களும் அதை விட்டுவிடவில்லை. ஆகையால் காகிதத்தில் இது பிச்சை அல்ல, உரிமை.

ஆனால் இந்த நோய்க்கு ஈடு கேட்க ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாய் ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டுமென்றும் சட்டம் சொல்கிறது. காண்டிராக்ட் தொழிலாளி எங்கே போவான்? நம் மனிதர் 18 ஆண்டுகளில் ஒன்பது காண்டிராக்டர்களிடம் இருந்திருக்கிறார். கையில் ஒரு சீட்டும் இல்லை. எந்த ஆண்டு, எந்த இயந்திரம், எந்தக் காதைத் தின்றது என்று யார் நிரூபிப்பது? காதடைப்பான் கொடுத்த இடமும் உண்டாம், அதைப் போட்டுக்கொண்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று இவரே கழற்றிச் சட்டைப்பையில் வைத்ததும் உண்டாம். அதையும் ஒளிக்காமல் சொன்னார். கடன்பட்டவர் பலராகி, ஒவ்வொருவர் பங்கும் கணக்கில் அகப்படாமற் போகும்போது கடன் இல்லாமற் போகிறதா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் அடித்த தகட்டில் ஆன காரில் போகிறவர்களும், அந்தத் தொழிற்சாலைகள் வந்ததால் வாடகை வாங்கிப் பிழைக்கிற நம் ஊராரும் ஆளுக்குக் கொஞ்சம் கடனாளிகளே. நீதியால் கொடுக்கவேண்டியதைத் தர்மம் என்று பேர் வைத்துக் கொடுக்கலாகாதென்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினருக்கான ஏட்டில் எச்சரித்திருக்கிறது. ஆகவே உண்டியலைத் திறக்குமுன் உரிமையைத் தேடவேண்டும். தேடினோம்.

நமது கோயிற்பிள்ளையும் சபைக் காரியதரிசியும் மூன்று வாரம் அலைந்தார்கள். அரசாங்கக் கதவுகள் இல்லாமலில்லை, அவற்றை அறியாமலிருப்பது நம் குற்றம். மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் திட்டத்தில், நூற்றுக்கு 40 ஊனச் சான்று உள்ளவருக்கு, மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் கருவி முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. 60 வயதான ஏழைகளுக்கு 2017-ல் வந்த வயோஸ்ரீ யோஜனா இருக்கிறது. வேலையிலிருந்து இ.எஸ்.ஐ. அட்டை உயிரோடிருப்பவர் அந்த ஆஸ்பத்திரியில் கேட்கலாம். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இருக்கிறது. நமது பங்கிலேயே 70 வயதுப் பாட்டியார் ஒருவருக்கு இந்த அலைச்சலில் வழி பிறந்தது, அது நல்லதாயிற்று.

நம் மனிதருக்குப் பிறக்கவில்லை. 2016-ம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி, பேச்சொலிகளில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் குறைந்திருந்தால்தான் "காது மந்தமானவர்", 70-ம் அதற்கு மேலும் என்றால் "செவிடர்". இவருக்கு 52. அதாவது நாம் சாதாரணமாய்ப் பேசும் பேச்சு அவருக்குக் குசுகுசுப்பு, ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவருக்கு ஊனமில்லை. வயது 60 ஆகவில்லை. இ.எஸ்.ஐ. அட்டை செத்துப்போயிற்று. சட்டம் எங்கேனும் கோடு கிழித்தே தீரவேண்டும், அதைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் கோட்டுக்கு இப்பால் நிற்பவன் நம் அயலான் அல்ல என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூத்த அங்கத்தினருக்கு என் பதில் இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு கைகளும் உண்டு. இவருக்கு நம் கையைத் தவிர வேறு கை இல்லை.

இங்கே ஒரு பாவ அறிக்கை. முந்திய பங்கில் இருந்தபோது ஒரு முகாம் நடத்தினேன். இருபது பேருக்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பெட்டி மிஷின் கொடுத்தோம். பந்தல், மாலை, போட்டோ எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டு வீடு மந்திரிக்கப் போகையில் விசாரித்தேன். பெரும்பாலானவை அலமாரியில் கிடந்தன. ஒருவர் பேரனுக்கு விளையாடக் கொடுத்திருந்தார். நான் அவர்களைத்தான் கோபித்துக்கொண்டேன். குற்றம் அவர்களுடையதல்ல. சோதனை செய்து, எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதென்று பார்த்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்தவேண்டும். காதின் அச்செடுத்து அடைப்பு செய்யவேண்டும், இல்லாவிட்டால் அது கீச்சென்று கத்தும். முதல் வாரங்களில் பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் தலையைப் பிளக்கும். மறந்துபோன ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக நாளாகும், அதற்குள் பலர் கழற்றிவிடுகிறார்கள். நம் ஊர் வியர்வை கருவியைக் கெடுக்கும், இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பியில் வைக்கவேண்டும். பட்டன் பாட்டரி ஒரு காதுக்கு மாதம் மூன்று, நான்கு ஆகும். கூலிக்காரர் முதல் மாதம் வாங்குவார், மூன்றாம் மாதம் அரிசிக்குப் போய்விடும். நான் இருபது பேருக்குக் கொடுத்தது கருவி. அவர்களுக்கு வேண்டியிருந்தது காது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வருடத்து உழைப்பு இருக்கிறது, அதை நான் செய்யவில்லை.

காது கேளாதோருக்குப் பாதுகாவலரான அர்ச். பிரான்சிஸ் சலேசியார், மார்த்தீன் என்ற செவிட்டு வாலிபனுக்குச் சைகையாலேயே ஞான உபதேசம் கற்பித்து நற்கருணைக்கு ஆயத்தம் செய்தார். மேற்றிராணியாருக்கு அதற்கு நேரம் இருந்திருக்கிறது.

கடைசியாக, எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கவேண்டிய ஒருவரை நான் மறந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நம் மனிதரிடம் சபையில் நடந்த விவாதத்தைச் சொன்னேன், பாதி வாயால், பாதி எழுதிக் காட்டி. அவர் உடனே, "எனக்கு இன்னாத்துக்கு சாமி? அந்தப் பணத்துல பசங்களுக்குப் பீஸ் கட்டிடுங்க. நான் பழகிட்டேன்" என்றார். ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவரே விட்டுக்கொடுத்துவிட்டார், நம் சிக்கல் தீர்ந்தது என்று. அந்த நிம்மதியைப் பற்றி இப்போது வெட்கப்படுகிறேன். விட்டுக்கொடுப்பது புண்ணியந்தான். ஆனால் நெடுநாள் கிடைக்காததை வேண்டாமென்று சொல்லப் பழகுவது எப்போதும் புண்ணியமாகாது. ஏழைகள் நம்மைச் சங்கடப்படுத்தாதிருக்க வேண்டுமென்றே பல வேளைகளில் அப்படிச் சொல்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற மகள் காகிதத்தை வாங்கி ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள். நான் பார்க்கவில்லை, பார்ப்பது முறையுமல்ல. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதிய நான் மாசாமாசம் குடுத்துடறேன் சாமி, சும்மா வேணாம்" என்றார்.

சபை கூடிச் சம்மதித்தது. ஆட்சேபித்த பெரியவரே முதலில் கை தூக்கினார். பிள்ளைகளின் பீஸுக்குப் பணம் குறையாதிருக்கத் தம் பெயரில் கொஞ்சம் கூட்டியும் எழுதினார். முதல் ஆறு மாதத்துப் பாட்டரிச் செலவைச் சபை தனிக் கணக்கில் வைக்கும். வருகிற செவ்வாயன்று சென்னையில் காதச்சு எடுக்கிறார்கள். பாட்டரி மாற்ற வீட்டார் ஒருவரும் கற்றுக்கொள்ளவேண்டுமென்று சொல்லியிருப்பதால் மகளும் கூடப் போகிறாள். நமது பங்கில் இன்னும் யாருக்கேனும் காது மந்தம் என்றால், அவர்களாக வரமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருப்பவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அழைத்து வாருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வர விரும்பும் காது மந்தமானவர்களுக்குச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பூசை உடுப்பறையில் காத்திருப்பேன். கதவு சாத்தியிருக்கும், அவசரமிராது.

உங்கள் பங்குக் குரு